கோர்ஸ் வீட்டுக்குப் போன கதை – மொன்டானா பயண டைரி

வெள்ளி, பன்னாக்

மொன்டானா போறோம்னு சொன்னதும் எல்லாரும் யெல்லோஸ்டோனான்னுதான் கேட்டாங்க. இல்லங்க, இந்தத் தடவை நாங்க போறது ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் வீட்டைப் பாக்க. பேரு கான்ராட் கோர்ஸ். அவரு நல்லா இருந்த காலத்துல அவரோட மாடுங்க மேஞ்ச நிலம் மட்டும் 1 கோடி ஏக்கர். கேரளா மாநிலத்தை விடப் பெருசு அது. வருஷத்துக்கு 8,000லேர்ந்து 10,000 மாடு ரயில் ஏறி சிகாகோ சந்தைக்குப் போகும். இதைக் கார்ல வரும்போது சொன்னேன், அப்பா கால்நடைத் துறைல இருந்து ரிட்டயர் ஆனவரு, அவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரையும் தெரியாது, ஆனா கேட்ட முதல் கேள்வியே "பட்டா யார் பேர்ல கண்ணு இருந்துச்சு?"ன்னுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா பாதிக் கதை வந்துரும். பட்டா யார் பேர்லயும் இல்ல. கோர்ஸ் காசு கொடுத்து வாங்கிப் பதிவு பண்ணது அதுல கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அரசாங்கப் புறம்போக்கு மாதிரி திறந்து கிடந்த புல்வெளி. வேலி கிடையாது, வரி கிடையாது, மாட்டுக்கு முத்திரை போட்டு விட்டுட்டா அது பாட்டுக்கு மேயும், வருஷத்துக்கு ரெண்டு தடவை வளைச்சுக்கிட்டு வந்து எண்ணிப் பாத்துக்குவாங்க. அப்படி சும்மா கிடைச்ச புல்லுக்கு முன்னாடி அங்க இருந்தது காட்டெருமையும் அதை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளும். 1880களோட ஆரம்பத்துலயே காட்டெருமையைச் சுட்டுத் தீத்துட்டாங்க, ஜனங்களை ரிசர்வேஷன்னு ஒதுக்கின நிலத்துல அடைச்சாங்க, அந்தக் காலியான இடத்துக்குத்தான் மாடு வந்துச்சு. இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் மத்த எல்லாத்தையும் நான் பாத்தேன், நீங்களும் அப்படியே படிங்க.

நேரா பண்ணைக்குப் போகாம பன்னாக்குக்கு எதுக்கு வந்தோம்னா கோர்ஸ் மாட்டுல ஆரம்பிக்கல, கறிக்கடைல ஆரம்பிச்சாரு, அந்தக் கறிக்கடை இருந்த ஊரு இது. டில்லன்லேர்ந்து மேற்கால போனா மொட்டை மலைகளுக்கு நடுவுல ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒரே ஒரு தெரு, ரெண்டு பக்கமும் மரத்தால கட்டின வீடுங்க வெயில்ல காஞ்சு சாம்பல் நிறத்துல நிக்குது. குடியிருக்கிறவங்க யாரும் இல்ல, இப்ப அது ஸ்டேட் பார்க். 1862 ஜூலைல இந்த கிராஸ்ஹாப்பர் ஓடைல தங்கம் கிடைச்சுது, மறு வருஷத்துக்குள்ள ஆயிரக்கணக்குல ஆளுங்க வந்து குமிஞ்சாங்க, 1864ல மொன்டானா பிரதேசத்துக்கு இதுதான் முதல் தலைநகர். கொஞ்ச நாள்லயே தங்கம் வேற இடத்துல கிடைக்க எல்லாரும் அங்க ஓடிட்டாங்க.

கோர்ஸ் பொறந்தது 1835ல, ஹோல்ஸ்டைன்ல. இப்ப ஜெர்மனி, அப்ப டென்மார்க் ராஜா கைல இருந்த பகுதி. சின்ன வயசுலயே கப்பல்ல வேலைக்குப் போயிட்டாரு. அப்புறம் அமெரிக்கா, கலிஃபோர்னியாவுல தங்கம் தேடினாரு, கனடாவுல ஃப்ரேசர் ஆத்துல தேடினாரு, எங்கயும் பெருசா ஒண்ணும் கிடைக்கல. 1862ல இந்தப் பக்கம் வந்தப்ப கையில காசில்ல, ஹாங்க் க்ராஃபோர்டுன்னு ஒருத்தர் மாசம் 25 டாலர் சம்பளத்துக்குக் கறி வெட்ட ஆள் எடுத்தாரு, சேந்துட்டாரு. ஆள் 6 அடி 3 அங்குலம்னு சொல்றாங்க.

அப்புறம் நடந்தது சினிமா. க்ராஃபோர்டுக்கும் ஹென்றி பிளம்மர்ங்கிற ஆளுக்கும் பகை, 1863ல க்ராஃபோர்டு பிளம்மரோட கைல சுட்டுட்டாரு, அவன் பொழச்சுக்கிட்டான், இனிமே இங்க இருந்தா நம்ம உசிரு நிக்காதுன்னு க்ராஃபோர்டு ஊரை விட்டே ஓடிட்டாரு. கடை கோர்ஸ் கைக்கு வந்துச்சு. அந்த பிளம்மர் அதே வருஷம் ஊருக்கு ஷெரிஃப் ஆனான், கொள்ளைக்காரங்களுக்குத் தலைவனே அவன்தான்னு சொல்லி 1864 ஜனவரி 10ல ஊர்க்காரங்க சேந்து அவனைத் தூக்குல போட்டாங்க. தூக்குமரம் நின்ன இடம் ஊருக்குப் பின்னாடி ஒரு பள்ளத்தாக்குல இருக்கு, நடந்து போய்ப் பாக்கலாம், நாங்க போனோம். விசாரணை இல்லாம தூக்கு போட்டது பிளம்மர்க்கு மட்டும் இல்ல, அந்த ஒரு மாசத்துல வரிசையா நடந்துச்சு. அதை வீரக் கதையா சொல்லிக்கிட்டே போறது எனக்கு ஒப்பல.

அப்பா அந்தத் தெருவுல நின்னு ஒண்ணு சொன்னாரு, அது எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. "மாட்டை வளத்தவன் உசிரோட இருக்கிற மாட்டைத்தான் பாப்பான், கறி வெட்டினவனுக்குத்தான் கண்ணு எந்த மாட்டுல எத்தனை கிலோ தேறும்னு தெரியும்." அதேதான். கோர்ஸ் சுரங்க முகாம் ஒவ்வொண்ணுலயும் கறிக்கடை போட்டாரு, கடைக்கு மாடு வேணும்னு மாடு வாங்க ஆரம்பிச்சாரு, வாங்கின மாட்டை வெட்டற வரைக்கும் நிறுத்த புல்லு வேணும்னு நிலம் தேடினாரு. பணம் போன வழி அப்படி. தங்கம் தோண்டினவங்கள்ல முக்காவாசிப் பேரு வெறுங்கையோட போயிட்டாங்க, அவங்களுக்குச் சோறு போட்டவரு பணக்காரர் ஆனாரு.

சனி, டீர் லாட்ஜ்

பியூட் நகரத்தைத் தாண்டி வடக்க வந்தா பள்ளத்தாக்கு அகலமாகி விரிஞ்சுடுது. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல கிளார்க் ஃபோர்க் ஆறு, ஜூலை மாசம்ங்கிறதால எங்க பாத்தாலும் புல்லு பச்சைப்பசேல்னு. கோர்ஸ் பண்ணை இப்ப நேஷனல் பார்க் சர்வீஸ் கைல இருக்கு, பேரு கிராண்ட்-கோர்ஸ் ராஞ்ச். டிக்கெட்டே கிடையாது. முன்னாடி ஆபீஸ்ல பேரைக் கொடுத்துட்டு ரயில் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தா வெள்ளை வீடு தெரியுது.

பேருல முதல்ல வர்ற கிராண்ட் யாருன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இந்த வீட்டைக் கட்டினதே அவருதான். ஜானி கிராண்ட். கனடாக்காரரு, பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த மெட்டி இனம், அப்பா ஹட்சன்ஸ் பேங்கிற தோல் வியாபாரக் கம்பெனில ஃபோர்ட் ஹால் கோட்டையைப் பாத்துக்கிட்டவரு. ஓரிகன் பாதைல மேற்க போற வண்டிக்காரங்களோட மாடுங்க நடந்து நடந்து கால் தேஞ்சு எலும்பும் தோலுமா வரும், கிராண்ட் ஒரு நல்ல மாட்டைக் கொடுத்துட்டு ரெண்டு ஓஞ்ச மாட்டை வாங்கிக்குவாரு. அதைக் கூட்டிட்டு வந்து இந்தப் பள்ளத்தாக்குல ஒரு சீசன் மேய விட்டா உடம்பு தேறிடும், அடுத்த வருஷம் அதே மாதிரி திரும்ப ஒண்ணுக்கு ரெண்டு. அப்பா சிரிச்சுக்கிட்டே "இவன்தான்டா வியாபாரி"ன்னு தம்பிகிட்ட சொன்னாரு. 1862ல இந்த வீட்டைக் கட்டினாரு, அப்ப இந்தப் பிரதேசத்துலயே இதுதான் நல்ல வீடுன்னு பத்திரிகைல எழுதினாங்க.

கிராண்டோட மனைவிங்க பூர்வகுடிப் பெண்கள், அதுல குவாரான்னு ஷோஷோனி இனத்துப் பெண். அந்த உறவுங்கதான் அவருக்கு இந்த மண்ணுல பாதுகாப்பு. பல இனத்து ஆளுங்களோட சொந்தபந்தம் இருந்ததாலதான் இங்க வந்து வியாபாரம் பண்ண முடிஞ்சுது. தங்கத்துக்காக வெள்ளைக்காரங்க கூட்டம் வந்ததும் நிலைமை மாறிப்போச்சு, வரி, வழக்கு, பிள்ளைங்களைக் கேவலமாப் பாக்கறது. 1866 ஆகஸ்ட்ல 19,200 டாலருக்குப் பண்ணையை கோர்ஸ்கிட்ட வித்தாரு, மறு வருஷம் குவாரா காசநோய்ல போயிட்டாங்க, கிராண்ட் மிச்சக் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு கனடாவுக்கே திரும்பிட்டாரு. வீட்டுக்குள்ள நாம பாக்கற சாமான் எல்லாமே கோர்ஸ் குடும்பத்தோடது. குவாரா சமைச்ச பாத்திரமோ பிள்ளைங்க போட்ட துணியோ ஒண்ணும் கண்ணுல படல. ரேஞ்சரம்மா அவங்களைப் பத்தி நல்லாவே சொன்னாங்க, குறை சொல்ல மாட்டேன், ஆனா ஒரு குடும்பத்துக்கு வீடு நிறைய சாமான், இன்னொரு குடும்பத்துக்கு வாய்வார்த்தை மட்டும்ங்கிறது நெஞ்சை என்னமோ பண்ணுது.

இப்ப அகஸ்டா. எனக்கு இந்தப் பயணத்துல ரொம்பப் பிடிச்ச ஆள். 1868 பிப்ரவரில அயோவா மாநிலத்துல டேவன்போர்ட்ல கல்யாணம், அந்தப் பொண்ணுக்கு 19 வயசு, கோர்ஸ்க்கு 32. அவங்களும் ஹோல்ஸ்டைன் பக்கம்தான். கல்யாணம் ஆன கையோட மிசௌரி ஆத்துல ஸ்டீம்போட் ஏறி வாரக்கணக்குல வந்து ஃபோர்ட் பென்டன்ல இறங்கி, அங்கேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு மலை தாண்டி இந்த வீட்டுக்கு வந்திருக்காங்க. வந்து பாத்தா ஆம்பளைங்களா கிடந்த வீடு, சமையலுக்கு ஒரு ஆளு. அந்த ஆளை அனுப்பிட்டு அடுப்படியைத் தன் கைல எடுத்துக்கிட்டாங்க. பால் கறந்தாங்க, சோப்பு காய்ச்சினாங்க, மெழுகுவத்தி ஊத்தினாங்க, வேலையாளுங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டாங்க, அதே வருஷக் கடைசில முதல் பொண்ணு அன்னா பொறந்தாச்சு. அப்புறம் கேத்தரின், ரொம்ப வருஷம் கழிச்சு ஒரே பையன் வில்லியம்.

வீட்டு டூர்ல பார்லர்னு சொல்ற வரவேற்பறைக்குள்ள விட்டாங்க, கயிறு கட்டி வச்ச பாதைல நின்னு பாக்கணும். சிகாகோ, செயின்ட் லூயிஸ் ஊருங்கள்லேர்ந்து வந்த சோபா, நாற்காலி, ஜன்னலுக்கு லேஸ் திரை. வீடு வெளிய பாக்க மரப்பலகை அடிச்ச வெள்ளை வீடு, பின்பக்கம் போனா 1890ல கட்டின செங்கல் வீடு அப்படியே அதுல ஒட்டிக்கிட்டு நிக்குது, ரெண்டும் சேந்து 23 அறை. அந்தப் புதுப் பகுதில குழாய்த்தண்ணி, வீடு முழுக்கச் சூடு போற அடுப்பு எல்லாம் வச்சாங்க. 22 வருஷம் வாளில தண்ணி சொமந்தவங்க வீட்டுக்குள்ள குழாயைத் திருப்பினா எப்படி இருந்திருக்கும்!

சாப்பாட்டு அறையை ரொம்ப நேரம் பாத்தேன். அங்க குடும்பம் மட்டும்தான் சாப்பிடும், வேலைக்காரப் பசங்களுக்கு பின்னாடி அவங்க தங்கற பங்க்ஹவுஸ், தனிச் சமையல், தனி மேசை. ஆரம்பத்துல அகஸ்டா கையாலயே எல்லாருக்கும் சோறுன்னு இருந்தது, காசு ஏற ஏற ரெண்டு பந்தியாப் பிரிஞ்சிருக்கு. பங்க்ஹவுஸ் மேசை வெறும் பலகை, நீளமா, விளிம்பெல்லாம் தேஞ்சு வழவழன்னு. இந்தப் பக்கம் வெள்ளைத் துணி விரிச்ச மேசை. பத்தடி நடந்தா போதும், ரெண்டையும் பாத்துறலாம்.

ஞாயிறு, மறுபடி பண்ணை

இன்னிக்கு அப்பாவோட நாள். காலைலயே லாயத்துக்குப் போயிட்டோம். கோர்ஸ் பேருல எல்லாம் இருந்தாலும் குதிரையும் மாடும் பாத்தது ஜான் பீலன்பெர்க். கோர்ஸ்க்கு அம்மா ஒண்ணு, அப்பா வேற, தம்பி முறை. கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல, இந்த வீட்லயே ஒரு அறைல இருந்தாரு, எல்லாத்துலயும் பாகஸ்தர். கோர்ஸ் பேங்க், சட்டசபைன்னு அலைய, இவரு குதிரை மேலயே இருந்திருக்காரு. நல்ல சாதிக் குதிரைன்னா உசிரு, அதுக்குன்னே தனி லாயம் கட்டியிருக்காங்க. லாயத்துல ஒரு தட்டிப் பலகையோட மேல் விளிம்பு முழுக்கக் கடிச்சுக் கடிச்சுப் பள்ளம் விழுந்திருக்கு, அப்பா அதை விரலால தடவிப் பாத்துட்டு "நிறுத்தி வச்ச குதிரை பொழுது போகாம கடிச்சதுடா இது"ன்னு தம்பிக்கு விளக்கிக்கிட்டு இருந்தாரு. எந்தக் குதிரைன்னு யாருக்கும் பேர் இல்ல, ஆனா பல்லு அச்சு அப்படியே இருக்கு.

அப்புறம் வைக்கோல். இதைச் சொல்லாம இந்தக் குடும்பத்தோட கதையைச் சொல்ல முடியாது.

1886 கோடைல மழை இல்ல. புல்லு காஞ்சு போச்சு, ஏற்கெனவே மேய்ச்சல் நிலத்துல தாங்கற அளவுக்கு மேல மாடு. கிழக்கு மொன்டானாவுல எல்லாப் பணக்காரனும் வெளியூர்ப் பணத்தைக் கொண்டாந்து கொட்டி மாடு வாங்கி விட்டிருந்தான். பனி சீக்கிரமே விழுந்துச்சு. ஜனவரில நடுவுல கொஞ்சம் வெப்பம் வந்து மேல்பனி உருகி, உடனே குளிர் வந்து அது கண்ணாடி மாதிரி இறுகிப் போச்சு. அந்தப் பனியை மாட்டால மூக்கால தள்ளிப் புல்லு தின்ன முடியாது, குதிரை மாதிரி குளம்பால கீறவும் தெரியாது, இறுகின பனி மேல நடந்தா கால் கிழிஞ்சு ரத்தம். கூட்டங்கூட்டமா நின்ன இடத்துலயே செத்துச்சு. மொன்டானா முழுக்கப் பாதிக்கு மேல போச்சுன்னு கணக்கு. கோர்ஸும் பீலன்பெர்க்கும் 1883ல கிரான்வில் ஸ்டூவர்ட்னு ஒரு பண்ணைக்காரரோட கம்பெனில பெரும் பணம் போட்டு கிழக்குப் பக்கம் மேய விட்டிருந்தாங்க, அந்தக் கூட்டத்துல மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. ஒரு பண்ணை முதலாளி மாடெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டு எழுதின கடுதாசிக்கு, அங்க வேலை பாத்த சார்லி ரஸ்ஸல்னு ஒரு பையன் எலும்பு துருத்திக்கிட்டு பனில நிக்கற ஒத்தை மாட்டை வரைஞ்சு பதிலா அனுப்பினான், பின்னாடி பெரிய ஓவியர் ஆனது அந்தப் பையன்தான்.

ஸ்டூவர்ட் அதோட வெறுத்துப் போயிட்டாரு, தீனி போட முடியாத மாட்டை இனிமே வச்சிக்கவே மாட்டேன்னு முடிவு பண்ணாரு. பலர் திவால். கோர்ஸ் எப்படித் தப்பிச்சாரு? பியூட்ல ஏ. ஜே. டேவிஸ்னு பேங்க்காரர், 1 லட்சம் டாலர் கடன் கொடுத்தாரு, அடமானம் எதுவும் இல்லாம, கை குலுக்கினதோட சரி. நாலு வருஷத்துல அடைச்சுட்டாருன்னு சொல்றாங்க. இந்தக் கடன் கதையைத்தான் எல்லாரும் சொல்றாங்க, நம்பிக்கைன்னா இப்படி இருக்கணும்னு. எனக்குப் பட்டது வேற. அவரு கிட்ட டீர் லாட்ஜ்ல இந்தத் தாய்ப்பண்ணை இருந்துச்சு, இங்க ஆத்தங்கரைல அறுத்து அடுக்கின புல்லு இருந்துச்சு, நல்ல சாதி ஷார்ட்ஹார்ன், ஹியர்ஃபோர்ட் காளைங்க கட்டுத்தறில இருந்துச்சு. வெளிய மேயப் போனது செத்தாலும் விதை இங்க பத்திரமா இருந்துச்சு. பேங்க்காரர் குலுக்கின கைக்குப் பின்னாடி இது இருக்குன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பண்ணைல பீவர்ஸ்லைடுன்னு ஒண்ணு நிக்குது, மரக்கட்டையால பெரிய சாய்வு. இந்தப் பக்கத்து ஆளுங்களே 1900களோட ஆரம்பத்துல கண்டுபிடிச்சது. அடில புல்லைத் தள்ளி வச்சு, குதிரைங்க கயிறை இழுக்க இழுக்கப் புல்லு சாய்வுல ஏறிப் போய் உச்சிலேர்ந்து அந்தப் பக்கம் விழும், அப்படியே மலை மாதிரி போர் ஏறிடும். அப்பா சுத்திச் சுத்தி வந்தாரு, எங்க ஊர்ல வைக்கப்போர் போடறப்ப மேல நிக்கற ஆளுக்குக் கட்டு தூக்கிப் போட்டே முதுகு போகும், இங்க குதிரையை வச்சு முடிச்சுட்டான்னு ஒரே சந்தோஷம். அதைத் தள்ளி நின்ன தம்பியை விட்டு நாலு பக்கமும் வீடியோ எடுக்க வச்சாரு.

கிழக்குப் பண்ணை பத்தி இன்னொரு விஷயமும் சொல்லியாகணும். 1884ல ஸ்டூவர்ட் தலைமைல பண்ணைக்காரங்க ரகசியமா ஆள் சேத்து, மாடு குதிரை திருடுறாங்கன்னு சொல்லிப் பல பேரைச் சுட்டும் தூக்குல போட்டும் கொன்னாங்க. கோர்ஸ் அப்ப ஸ்டூவர்ட்டோட கம்பெனில பங்குதாரர். ஸ்டூவர்ட் வீட்டுக் கதையும் கிராண்ட் கதையோட சேத்துப் பாக்க வேண்டியது. அவரு மனைவி ஆபானி, ஷோஷோனி இனம், 26 வருஷம் சேந்து வாழ்ந்து 1888ல போயிட்டாங்க. ரெண்டு வருஷத்துல ஸ்டூவர்ட் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கிட்டாரு, சின்னப் பிள்ளைங்க மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போச்சுங்க. மாட்டு ராஜாக்கள்னு பெருமையா சொல்ற அந்தத் தலைமுறைல யாரோட பிள்ளை வாரிசு, யாரோட பிள்ளை அனாதைன்னு தீர்மானிச்சது அம்மாவோட இனம்தான். கோர்ஸ் குடும்பம் நிலைச்சதுக்கு உழைப்பு, சாமர்த்தியம் எல்லாம் காரணம், மறுக்கல. ஆனா அகஸ்டா ஜெர்மன்காரியா இல்லாம ஷோஷோனியா இருந்திருந்தா 23 அறை வீட்டுக்கு அந்தப் பிள்ளைங்க வாரிசு ஆகியிருக்குமாங்கிறது என் கேள்வி.

சாயங்காலம் கோல்ட் கிரீக் வரைக்கும் ஒரு ரவுண்டு. 1883 செப்டம்பர் 8ல நார்தர்ன் பசிஃபிக் ரயில்பாதையை முடிச்சுக் கடைசி ஆணி அடிச்சது அந்தப் பக்கம்தான், முன்னாள் ஜனாதிபதி யுலிசஸ் கிராண்ட் கூட வந்திருந்தாரு (நம்ம ஜானி கிராண்ட் இல்ல). அதுக்கு முன்னாடி வயோமிங் பக்கம் ரயிலுக்கு மாட்டை வாரக்கணக்குல ஓட்டிக்கிட்டுப் போகணும், போற வழில எடை குறைஞ்சு போகும். அதுக்கப்புறம் ரயில் வீட்டு வாசலுக்கே வந்துடுச்சு. பெருசா பாக்க ஒண்ணும் இல்ல, பத்து நிமிஷத்துல திரும்பிட்டோம்.

ஆத்தங்கரைல நடந்தப்ப ரேஞ்சர் சொன்ன ஒரு விஷயம். மேல பியூட், அனகோண்டா பக்கம் தாமிரச் சுரங்கம். 1908ல பெரிய வெள்ளம் வந்து சுரங்கக் கழிவை அடிச்சுக்கிட்டு வந்து கரை முழுக்கப் படிய வச்சுது, ஆர்சனிக், தாமிரம் கலந்த மண்ணு, அதுல புல்லு முளைக்காது. உருக்காலைப் புகைல மாடு ஆடு சாகுதுன்னு இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க, கோர்ஸோட இன்னொரு தம்பி நிக் பீலன்பெர்க் அதுல முன்னாடி நின்னவரு. தோத்துட்டாங்க. அந்த மண்ணை அள்ளி மாத்தற வேலையை அரசாங்கம் எடுத்து நடத்தினது இந்தத் தலைமுறைலதான். நூறு வருஷம்!

திங்கள், டீர் லாட்ஜ் – ஹெலினா

காலைல ஊருக்குள்ள. பழைய ஜெயில் பெரிய கல் கோட்டையா மெயின் ரோட்லயே நிக்குது, தம்பிக்காக உள்ள போனோம், எனக்கு மனசு அங்க ஒட்டல. நான் பாக்க நினைச்சது நூலகம். வில்லியம் கே. கோர்ஸ் நினைவு நூலகம். ஒரே பையன், நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டில படிச்சுக்கிட்டு இருந்தப்ப 1901ல இறந்துட்டான், வயசு 21தான். அப்பா அம்மா அவன் பேருல ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுத்தாங்க, இன்னிக்கும் ஊர்ப் பிள்ளைங்க அங்கதான் புத்தகம் எடுக்குதுங்க. முன்வாசல்ல தூணெல்லாம் வச்ச கம்பீரமான கட்டடம். அப்பா படில உக்காந்துட்டாரு, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "வளத்த பையன் கண்ணு, 21 வயசு"ன்னார்.

அதுக்கப்புறம் கோர்ஸ் எதையும் பெருசாக்கல. 1909 வாக்குல சட்டம் மாறிக் குடியேற வர்றவங்களுக்கு நிலம் தாராளமா கிடைக்க ஆரம்பிச்சுது, உழுது வேலி போட்டாங்க, திறந்த மேய்ச்சல் காலம் முடிஞ்சுது. கோர்ஸ் கொஞ்சம் கொஞ்சமா மாட்டையும் நிலத்தையும் வித்தாரு, முதல் உலகப் போர்ல மாட்டுக்கறி விலை ஏறினது வசதியாப் போச்சு. வாரிசு இல்லாததாலயான்னு கேட்டா, சட்டமும் சந்தையும் எப்படியும் தள்ளியிருக்கும், ஆனா பையன் இருந்திருந்தா அவரு இவ்வளவு அமைதியா விட்டிருக்க மாட்டாருன்னு எனக்குத் தோணுது. 1920 ஜூலைல ஹெலினாவுல இறந்தாரு. ரெண்டு வருஷத்துல ஜான் பீலன்பெர்க்கும் போயிட்டாரு. கடைசில தாய்ப்பண்ணையைச் சுத்தி ஆயிரம் ஏக்கர் வாக்குலதான் மிச்சம் நின்னுச்சு.

மதியம் ஹெலினா. 1900 வாக்குல கோர்ஸும் அகஸ்டாவும் குடி வந்த வீடு டியர்பார்ன் தெருவுல இருக்கு, ரோட்லேர்ந்தே பாத்துட்டு வந்தோம், அகலமான வராண்டா, நிழல் மரம். தங்கச் சுரங்க மாளிகைங்க நிறைய இருக்கிற பணக்காரத் தெருவுங்க. இங்கேர்ந்துதான் அகஸ்டா ரயில் ஏறி நியூயார்க்குக்கு ஓபரா பாக்கப் போவாங்க. 19 வயசுல சோப்பு காய்ச்சின அதே பொண்ணு! புருஷன் போனதுக்கப்புறம் 25 வருஷம் இருந்தாங்க, 1945ல போனப்ப 96 வயசு. ஒவ்வொரு கோடைக்கும் டீர் லாட்ஜ் வீட்டுக்குத் திரும்பி வருவாங்க, திரைச்சீலை, நாற்காலி எதையும் மாத்த விடல. நாம இன்னிக்கு பாக்கறது அவங்க விட்டு வச்ச மாதிரி.

பண்ணையைத் தூக்கி நிறுத்தினது பேரன், கேத்தரினோட பையன் கான் வாரன். 1932ல பொறுப்பு எடுத்து 1940ல சொந்தமா வாங்கினாரு, ஹியர்ஃபோர்ட் மாடு, பெல்ஜியன் வண்டிக் குதிரை வளத்தாரு. தாத்தா பாட்டி வீட்ல அவரு குடியிருக்கல, பக்கத்துலயே சின்னதா ஒரு வீடு கட்டிக்கிட்டு அவரும் மனைவி நெல்லும் இருந்தாங்க. பெரிய வீட்டுச் சாமான், கணக்குப் புத்தகம், வண்டி, சேணம் எதையும் தூக்கிப் போடல. பிளாட் போட்டு வித்திருந்தா கோடி கோடியா வந்திருக்கும். அவரு பார்க் சர்வீஸ் கைக்குப் போற மாதிரி வித்தாரு, 1972ல சட்டப்படி தேசிய வரலாற்றுத் தலம் ஆச்சு, 1977ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. அப்பாவோட பட்டா கேள்விக்கு இப்ப பதில், அரசாங்கம் பேர்ல.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். வீட்டு டூருக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சப் பேரைத்தான் விடுவாங்க, போனதும் பேரைக் கொடுத்து வச்சுடுங்க, அதுக்கு நடுவுல லாயம், பங்க்ஹவுஸ் எல்லாம் நீங்களே சுத்தலாம். ஜூலை ஆகஸ்ட்ல போனா புல்லறுக்கறதைப் பாக்கலாம். ரேஞ்சர் கிட்ட குவாரா பத்தி, கிராண்டோட பிள்ளைங்க பத்தி கேளுங்க, கேட்டா நிறைய சொல்றாங்க. தொப்பி கட்டாயம் எடுத்துக்கோங்க, வீட்டை விட்டா லாயம் வரைக்கும் நிழலே கிடையாது.